0.0980392157-ன்னு எழுதினா அரை மார்க் கொறைப்பாங்களா?

ஆகஸ்ட் 3, இரவு 9.12 | கேட்டவர்: பொண்ணோட அப்பா

பொண்ணு பன்னெண்டாவது படிக்கிறா. ஸ்கூல் லேப்ல டைட்ரேஷன், அதாவது ரெண்டு கரைசலைக் கலந்து ஒண்ணோட செறிவைக் கண்டுபிடிக்கிற சோதனை. பிப்பெட்ல 20 மி.லி. ஸ்டாண்டர்ட் கரைசலை (செறிவு முன்னாடியே தெரிஞ்சது) எடுத்து, பியூரெட்ங்கற கோடு போட்ட குழாயிலருந்து பெர்மாங்கனேட் விட்டு, 20.4 மி.லி.ல ரோஸ் கலர் நின்னிருக்கு. ஸ்டாண்டர்ட் 0.1 நார்மல் (நார்மல்ங்கறது செறிவோட அலகு), பெர்மாங்கனேட்டோடதைத்தான் கண்டுபிடிக்கணும். கால்குலேட்டர்ல 0.0980392157-ன்னு வந்துச்சு, ரெக்கார்டுல அப்படியே எழுதிட்டா. மிஸ் சிவப்பு மையில வட்டம் போட்டு அரை மார்க் கொறைச்சுட்டாங்க. ஏன் மிஸ்ஸுன்னு கேட்டா 'சிக்னிஃபிகன்ட் ஃபிகர்'னு ஒரே வார்த்தைதான் பதில். எத்தனை இலக்கம் அதிகமோ அத்தனை துல்லியம்னுதானே நாங்கல்லாம் நெனச்சிட்டிருக்கோம்? துல்லியமா எழுதினதுக்குத் தண்டனையா?

ஆகஸ்ட் 3, இரவு 10.05

மிஸ் பண்ணது சரிதான் சார், கோவிச்சுக்காதீங்க. அந்தக் கடைசி 7 இருக்கே, அதை உங்க பொண்ணு பாத்தாளா? கால்குலேட்டர் சொல்லுச்சு. கால்குலேட்டர் பியூரெட்டைப் பாக்கவே இல்ல. பியூரெட்ல இருக்குற சின்னக் கோடு 0.1 மி.லி., அதுல பொண்ணு பாத்தது 20.4, மூணு இலக்கம். மூணு இலக்கத்தைப் பாத்துட்டு ஒம்போது இலக்கத்துல விடை எழுதுறது, தெருவுல நின்னு வீட்டை எட்டிப் பாத்துட்டு சமையக்கட்டுல எத்தனை கரண்டி தொங்குதுன்னு கோர்ட்ல சாட்சி சொல்ற மாதிரி.

பெருக்கல் வகுத்தல்ல எந்த எண்ணுக்கு இலக்கம் கம்மியோ அந்த அளவுதான் விடைக்கும். ஆக 0.0980. முன்னாடி இருக்குற சைபர்லாம் பஸ் சீட்ல துண்டு போட்டு வெச்ச மாதிரி, இடம் பிடிக்க மட்டும்தான், ஆள் கணக்குல வராது. கடைசி சைபர் அப்படி இல்ல, அது நெசமாவே உக்காந்திருக்குற ஆள். எந்திரிக்கச் சொல்லக்கூடாது.

மிஸ் சொன்ன சிக்னிஃபிகன்ட் ஃபிகர் இதான், அளவீட்டுல நம்பி எழுதக்கூடிய இலக்கங்கள். தமிழ் மீடியம் புக்ல 'முக்கிய எண்ணுருக்கள்'னு பேரு. நான் படிச்சப்போ அந்தப் பாடத்தை ரெண்டு பக்கம் தள்ளிட்டு வெக்டாருக்குப் போயிட்டாரு எங்க சார். "இதுல அஞ்சு மார்க் வராது"ன்னு சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கு.

ஆகஸ்ட் 3, இரவு 10.21

படுக்கப் போனேன், திரும்பி வந்துட்டேன். ஸ்டாண்டர்ட் '0.1 நார்மல்'னு எழுதியிருக்காங்கல்ல, அது ஒத்தை இலக்கம். விதியை அப்படியே பிடிச்சா விடையும் ஒத்தை இலக்கம்தான், 0.1 நார்மல். அதாவது பியூரெட்டைத் தொடாமலே முழு கிளாஸும் ஒரே விடை எழுதிட்டு டீ குடிக்கப் போயிடலாம்! பாட்டில்ல 0.1-ன்னு ஒட்டியிருந்தாலும் எடை போட்டு கரைச்சவங்க அதை 0.1000-ன்னுதான் மனசுல வெச்சிருப்பாங்க. லேபிள் எழுதுறவங்களுக்கு சைபர் போடச் சோம்பல். அரை மார்க் கொறைச்ச மிஸ்ஸோட பாட்டில்லயே இலக்கம் கொறைச்சல்னு போய் சொல்லிடாதீங்க, ப்ராக்டிகல் மார்க் அவங்க கையில இருக்கு.

ஆகஸ்ட் 4, காலை 7.30

ராத்திரி ஒரு தம்பி "0.098 போதும் அண்ணா, அந்த சைபர் எதுக்கு"ன்னு கேட்டிருக்காரு. போதாது தம்பி. 0.098-ன்னா 0.0975-லருந்து 0.0985 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம்னு அர்த்தம். 0.0980-ன்னா 0.09795-க்கும் 0.09805-க்கும் நடுவுல. கணக்குப் பாடத்துல ரெண்டும் ஒண்ணு, லேப்ல பத்து மடங்கு வித்தியாசம். மேல சொன்னேனே, சைபர் உக்காந்திருக்கு, எழுப்பாதீங்க.

ஆகஸ்ட் 4, மதியம் 1.15

சாப்பாட்டு நேரம், ஒரு பாவத்தை ஒத்துக்குறேன்.

நான் பி.எஸ்சி. படிச்சப்போ ப்ராக்டிகல்ல ரீடிங் எடுக்குறதுக்குப் பேரு சமையல். சீனியர் நோட்டுல விடை இருக்கும், பின்னாடியிருந்து கணக்குப் போட்டு ரீடிங்கை உண்டாக்கிடுவோம். கம்பியோட விட்டத்தை திருகு அளவியில (ஸ்க்ரூ கேஜ்) அளக்கணும், ஆறு ரீடிங். எனக்கு வேண்டிய சராசரி வர்ற மாதிரி கால்குலேட்டர்ல ஆறு எண்ணைத் தட்டி, 0.436, 0.441, 0.438-ன்னு மில்லிமீட்டர்ல அழகா நெரப்பிட்டேன். வெளியிலருந்து வந்த எக்ஸாமினர் நோட்டைப் பாத்தாரு. கம்பியைப் பாக்கல, என்னையும் பாக்கல. "தம்பி, இந்த திருகு அளவியோட மீச்சிற்றளவு என்ன?" (கருவி காட்டக்கூடிய ரொம்பச் சின்ன அளவு.) 0.01 மில்லிமீட்டர் சார். "அப்போ இந்த 6, 1, 8-லாம் எங்கருந்து வந்துச்சு?"

அவ்வளவுதான் கேட்டாரு. பக்கத்து டேபிள்காரன் எச்சில் முழுங்கின சத்தம் கேட்டுச்சு, அவனோட நோட்டுலயும் மூணாவது டெசிமல் இருந்துச்சு. சுழிப்பிழை (ஒண்ணும் வெக்காதப்பவே கருவி காட்டுற தப்பு) கூட எழுதியிருந்தேன் நான், திருத்தம்லாம் பக்காவா போட்டிருந்தேன், கடைசி இலக்கம் காட்டிக் கொடுத்துடுச்சு. கருவியால காட்ட முடியாத இலக்கத்தை எழுதினா நீ அந்த இடத்துலயே இல்லன்னு அர்த்தம். அதை எனக்குச் சொல்லிக் குடுத்தது பாடப் புத்தகம் இல்ல, அந்த ஆறு, ஒண்ணு, எட்டு.

ஆகஸ்ட் 4, இரவு 8.50

"கோட்டுக்கு நடுவுல கண்ணால மதிப்பு போடலாமே, அப்போ ஒரு இலக்கம் கூடுமே"ன்னு ஒரு டீச்சர் மேடம் எழுதியிருக்காங்க. கரெக்ட் மேடம், நான் சொன்னது அரைகுறை. பியூரெட்ல 20.4 கோட்டுக்கும் 20.5 கோட்டுக்கும் நடுவுல திரவத்தோட அடி வளைவு நின்னா 20.45-ன்னு எழுதுறது நியாயம். அந்தக் கடைசி இலக்கம் உத்தேசம்தான், ஆனா கண்ணு பாத்த உத்தேசம். (பெர்மாங்கனேட் கருப்பா இருக்கறதால அடி வளைவு தெரியாது, மேல் விளிம்பைப் பாக்கணும், அது தனிக் கதை.) என் திருகு அளவிக் கதையிலயும் கூட ரெண்டு கோட்டுக்கு நடுவுல அஞ்சுன்னு ஒருத்தன் மதிப்பு போட்டிருந்தா எக்ஸாமினர் விட்டிருப்பாரு. 0.435, 0.440, 0.435 இப்படி. நான் 0.441-ன்னுல்ல எழுதினேன்.

ஆகஸ்ட் 5, காலை 6.40

தனி ஊசல் (நூல்ல குண்டைக் கட்டி ஆடவிட்டு புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கிற சோதனை) பத்தி ஒரு பையன் கேட்டிருக்கான், மொபைல் ஸ்டாப்வாட்ச் 0.01 செகண்ட் காட்டுது, அதனால ரெண்டு டெசிமலும் நம்பலாமான்னு. மொபைல் காட்டும்ப்பா, உன் கட்டைவிரல் காட்டாதே. குண்டு அந்தப் பக்கம் போறதைப் பாத்து, மூளை சொல்லி, விரல் அமுக்குறதுக்குள்ள 0.2 செகண்ட் ஓடிடும். ஒரு மீட்டர் நூல்ல ஒரு ஆட்டம் 2.007 செகண்ட் எடுக்கும். ஒரே ஆட்டத்தை அளந்தா பத்துல ஒரு பங்கு தப்பு, புவியீர்ப்பு முடுக்கத்துல அது ரெட்டிப்பாகி அஞ்சுல ஒரு பங்கு ஆயிடும். எட்டுன்னும் வரலாம், பன்னெண்டுன்னும் வரலாம். அதனாலதான் 20 ஆட்டம் எண்ணச் சொல்றாங்க. அதே 0.2 செகண்ட் தப்பு இருபது பேருக்குப் பங்கு பிரிச்சா ஆளுக்கு 0.01. அப்போ 9.8, கடைசி இலக்கம் ஒண்ணு முன்னப் பின்ன. 9.80665-ன்னு எழுதினவன் நோட்டு என் நோட்டுக்கு அண்ணன்.

அந்த 20 மட்டும் எத்தனை இலக்கம்னு குழம்பாதே. அது எண்ணினது, அளந்தது இல்ல, அதுக்கு எல்லையே கிடையாது. இருபதரை ஆட்டம்னு எண்ணிட்டா அது வேற பிரச்சினை, எனக்கு நடந்திருக்கு.

ஆகஸ்ட் 5, இரவு 9.20

பேப்பர் படிச்சேன். மேட்டூர் நீர்மட்டம் அடியில ரெண்டு டெசிமல், இருப்பு டி.எம்.சி.ல (நூறு கோடி கன அடி) ரெண்டு டெசிமல், நீர்வரத்து கன அடியில ஒத்தை எண் வரைக்கும். என்னய்யா இது, 153 சதுர கிலோமீட்டர் தண்ணி, காத்தடிச்சா அலையே ஒரு சாண் எழும்பும், 0.01 அடின்னா 3 மில்லிமீட்டர், அதை யாரு குனிஞ்சு பாத்தது? உங்க பொண்ணுக்கு அரை மார்க் கொறைச்ச மிஸ்ஸை மேட்டூருக்கு அனுப்பணும்.

ஆகஸ்ட் 6, இரவு 10.30

நேத்து மேட்டூரைக் கிண்டல் பண்ணிட்டு தூங்கினேன், இன்னைக்கு ஆபீஸ்ல உக்காந்து கணக்குப் போட்டேன், கிண்டல்ல பாதியை வாபஸ் வாங்கிக்கிறேன்.

அணை நெறஞ்சு 120 அடியில நிக்கும்போது பரப்பு சுமாரா 153 சதுர கிலோமீட்டர். அதுல 3 மில்லிமீட்டர் தண்ணி ஏறினா எவ்வளவு? 47 கோடி லிட்டர். டி.எம்.சி.ல சொன்னா 0.0165. அட, அப்போ மட்டத்தை 0.01 அடிக்குப் படிச்சா இருப்பை 0.01 டி.எம்.சி. வரைக்கும் சொல்றது பொருந்தித்தானே போகுது! ரெண்டு டெசிமலும் ரெண்டு டெசிமலும் தற்செயலா ஜோடி சேந்திருக்கு. அலை பிரச்சினைக்கும் வழி இருக்கு, வெளித் தண்ணியோட சின்ன துவாரத்துல மட்டும் தொடர்பு இருக்குற ஒரு கிணறு மாதிரி குழாய் வெச்சு அதுக்குள்ள மட்டம் பாத்தா அலை உள்ள வராது. 3 மில்லிமீட்டர் படிக்கிறது ஒண்ணும் மாயம் இல்ல. நான் கரையில நின்னு பாத்தவன் மாதிரி பேசிட்டேன்.

ஆனா வாபஸ் பாதிதான். மட்டத்தை இருப்பா மாத்துறதுக்கு ஒரு அட்டவணை வேணும், இத்தனை அடின்னா இத்தனை டி.எம்.சி.ன்னு. மேட்டூர் கட்டி முடிச்சது 1934. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.ன்னு சின்ன வயசுலருந்து பேப்பர்ல படிக்கிறோம், நாலு இலக்கம். தொண்ணூறு வருஷமா காவிரி கொண்டாந்து கொட்டின வண்டல் அடியில கெடக்குது. தண்ணி இருக்க வேண்டிய எடத்துல மண்ணு இருக்கு. மட்டத்துல பிழை இல்ல, படிச்சவர் நெசத்தைத்தான் சொல்றாரு, கீழ இருக்குற பாத்திரம்தான் அதே பாத்திரம் இல்ல. இலக்கம் எத்தனை போட்டாலும் இந்தத் தப்பு அதுல தெரியாது. துல்லியம்கிறது ஒண்ணு, சரியா இருக்கறதுங்கறது வேற ஒண்ணு. நின்னு போன கடிகாரத்துலயும் செகண்ட் முள்ளு இருக்கு.

ஆகஸ்ட் 6, இரவு 10.55

நீர்வரத்தை மறந்துட்டேன். ஆத்துல ஓட்டத்தை நேரா அளந்து சொன்னா அது தனி. அணை மட்டம் நேத்து இவ்வளவு, இன்னைக்கு இவ்வளவு, தொறந்து விட்டது இவ்வளவு, ஆக வந்தது இவ்வளவுன்னு கழிச்சுப் போட்டா மாட்டிக்கும். மேல பாத்தோம்ல, 0.01 அடின்னா 1.65 கோடி கன அடி. ஒரு நாளுக்கு 86,400 செகண்ட். வகுத்தா செகண்டுக்கு 191 கன அடி. அதாவது மட்டம் படிச்சவர் கடைசி இலக்கத்துல ஒண்ணு முன்னப் பின்ன பாத்தாலே நீர்வரத்து 191 கன அடி மாறிடும். அந்த வழியில போட்ட கணக்குல '1,223 கன அடி'ன்னு வந்தா அந்த 23-க்கு உயிரே இல்ல, அதுக்கு முன்னாடி இருக்குற 2-வே ஊசலாடுது.

ரெண்டு பெரிய எண்ணைக் கழிச்சா சின்ன எண்ணு வரும், அதுல இருந்த நல்ல இலக்கம்லாம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு செத்துப் போயி சந்தேக இலக்கம் மட்டும் மிஞ்சும். கூட்டல் கழித்தல்ல இலக்கத்தை எண்ணக் கூடாது, டெசிமல் இடத்தைப் பாக்கணும்னு தனி விதி வெச்சது இதுக்குத்தான்.

ஆகஸ்ட் 7, காலை 8.05

கூட்டலுக்கு உதாரணம் கேட்டிருக்காங்க. எடைமேடையில லாரி 9,840 கிலோ, பத்து கிலோவுக்கு ஒரு தரம்தான் அந்த மேடை நம்பரை மாத்தும். இப்போ டிரைவர் முன்னாடி ஒரு எலுமிச்சம்பழம் கட்டித் தொங்க விடுறாரு, 40 கிராம். லாரி இப்போ 9,840.040 கிலோவா? சாமி மேல சத்தியமா இல்ல.

ஆகஸ்ட் 7, இரவு 9.45

ரவுண்ட் பண்ணும்போது கடைசியில அஞ்சு வந்தா மேல தூக்கணுமா கீழ விடணுமான்னு சண்டை ஆரம்பிச்சிருக்கு. பதினொண்ணாவது புக் விதி: 5-க்கு முன்னாடி ஒத்தைப்படை எண் இருந்தா ஒண்ணு கூட்டு, ரெட்டைப்படை இருந்தா விட்டுடு. 2.35 போனா 2.4, 2.45 போனாலும் 2.4. எக்செல் அப்படிப் பண்ணாது, எப்பவும் தூக்கிடும். பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழியில 2.5-ஐ முழு எண்ணாக்கச் சொன்னா 2-ன்னு சொல்லும், புதுசா எழுதுற பசங்க பிழைன்னு அலறுவாங்க.

எப்பவும் ஒரே பக்கம் தள்ளினா என்ன ஆகும்னு கேக்குறவங்களுக்கு கனடாவோட வான்கூவர் பங்குச் சந்தை கதை ஒண்ணு போதும். 1982 ஜனவரில 1000 புள்ளியில ஒரு குறியீட்டு எண்ணை ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு வியாபாரத்துக்கும் புதுசாக் கணக்குப் போட்டு, மூணு டெசிமலுக்கு அப்புறம் இருக்குறதை ரவுண்ட் பண்ணாம வெட்டி எறிஞ்சாங்க. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டு. 1983 நவம்பர்ல அது 524.811-ல கெடந்துச்சு, சந்தை நல்லாத்தான் இருக்கு, எண்ணு மட்டும் பாதியாயிடுச்சு. சரி பண்ணிப் பாத்தா 1098.892. அதனாலதான் நடுவுல வெட்டாதீங்க, கால்குலேட்டர்ல இருக்குறது அப்படியே இருக்கட்டும், கடைசியில ஒரே தரம் ரவுண்ட் பண்ணுங்கன்னு சொல்றது. உங்க பொண்ணு கால்குலேட்டர் எண்ணை ரஃப் நோட்டுல எழுதியிருந்தா அது தப்பே இல்ல சார், ரெக்கார்டுல எழுதினதுதான்.

ஆகஸ்ட் 9, இரவு 8.15

ரெண்டு நாளா ஆளைக் காணோம்னு கேட்டிருக்கீங்க, மச்சினி கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போனோம். தராசு கண்ணாடிப் பெட்டிக்குள்ள, கிராம்ல மூணு டெசிமல், ஃபேனை நிறுத்தச் சொன்னேன், கடைப் பையன் மொறைச்சான். மூணு டெசிமல்ல எடை போட்டுட்டு சேதாரம் 14 சதவீதம்னு ரெண்டே இலக்கத்துல அடிச்சான். ஏம்ப்பா, எடைக்கு அஞ்சு இலக்கம், சேதாரத்துக்கு ரெண்டு இலக்கம், பில்லையும் ரெண்டு இலக்கத்துல போடுன்னேன். வீட்டம்மா என் கையைக் கிள்ளினாங்க.

ஆகஸ்ட் 9, இரவு 9.40

அந்தத் தம்பியே (0.098 தம்பி) திருத்தியிருக்காரு: "சேதாரம் பேசி முடிவு பண்ணது அண்ணா, அளந்தது இல்ல. அது 14.0000 தான்." சரி, ஒத்துக்குறேன். ஊசல்ல 20-க்கு எல்லை இல்லன்னு சொன்ன வாயாலயே இதைச் சொல்லிட்டேன். இஞ்ச் 2.54 செ.மீ.ங்கறதும் அப்படித்தான், 1959-ல நாடுங்க உக்காந்து பேசி வெச்சது. ஒளியோட வேகம் 1983-லருந்து செகண்டுக்கு 2,99,79,24,58 மீட்டர், புள்ளிக்குப் பின்னாடி சைபர் எத்தனை வேணா போட்டுக்கலாம். அவகாட்ரோ எண்ணும் (ஒரு மோல்ல இருக்குற துகள் எண்ணிக்கை) 2019 மே 20-லருந்து அப்படி ஆயிடுச்சு. பவுன் 8 கிராம்னு நம்ம ஊர்ல வெச்சிருக்கறதும் பேச்சுதான், இங்கிலாந்து ராணி படம் போட்ட காசை நெசமா எடை போட்டா 7.988 கிராம். (கமாவைத் தப்பா போட்டுட்டேன், 29,97,92,458. இலக்கத்தைப் பத்தி இழை எழுதிட்டு இது வேற.)

ஆகஸ்ட் 10, காலை 7.10

காய்ச்சல் கணக்கு. 1868-ல வுண்டர்லிச்னு ஒரு ஜெர்மன் டாக்டர் லைப்சிக்ல ஏகப்பட்ட பேரோட சூட்டைப் பாத்து 37 டிகிரி செல்சியஸ்னு எழுதினாரு. ரெண்டு இலக்கம். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாத்தினவங்க 98.6-ன்னு போட்டாங்க, மூணு இலக்கம். 37-ன்னா 36.5-லருந்து 37.5 வரைக்கும்னு எடுத்தா 97.7-லருந்து 99.5 ஆச்சே! மாத்தும்போது ஒரு இலக்கம் சும்மா மொளைச்சுடுச்சு. அமெரிக்காவுலயே 1992-ல திரும்ப அளந்தப்போ சராசரி 98.2-ன்னு வந்துச்சு. நம்ம வீட்டுல 98.4-க்கு மேல ஒரு கோடு ஏறினா அம்மா ஸ்கூலுக்கு லீவு போடச் சொல்லிடுவாங்க, அதுக்கு நான் ரொம்ப நன்றியுள்ளவன்.

2015 டிசம்பர் 1 மழையும் இதே கேஸ்தான். தாம்பரம் 49 செ.மீ.ன்னு அறிக்கை. அதையே பல பேர் 490 மி.மீ.ன்னு எழுதினாங்க. அந்த சைபர் துண்டு போட்ட சீட்டு. ஆனா பாக்க ஆள் உக்காந்த மாதிரியே இருக்கும், அதான் அதோட தொல்லை.

ஆகஸ்ட் 11, மதியம் 2.20

ஞாயித்துக்கிழமை, கொஞ்சம் பெருசா எழுதுறேன்.

பரங்கிமலைப் பக்கம் போயிருக்கீங்களா? 1802 ஏப்ரல்ல லாம்டன்னு ஒரு ஆங்கிலேய சர்வேயர் அங்கதான் இந்தியாவையே அளக்குற வேலையை ஆரம்பிச்சாரு. முதல் வேலை ஒரு அடிக்கோடு, மத்த நீளத்தையெல்லாம் கணக்குப் போட ஆதாரமா நேரா அளந்து வெக்குற கோடு. பரங்கிமலையிலருந்து தெக்கே பெரும்பாக்கம் குன்று வரைக்கும், 100 அடி எஃகுச் சங்கிலியை மாத்தி மாத்திப் போட்டு, ஏழரை மைல். விடை 40,006.44 அடி. ஏழு இலக்கம்! பன்னெண்டு கிலோமீட்டர்ல 3 மில்லிமீட்டர் வரைக்கும் சொல்றாரு மனுஷன்.

மேட்டூர் மாதிரி இதையும் கிண்டல் பண்ணலாம்னு பேனாவை எடுத்தேன். மெட்ராஸ் வெயில், சித்திரை மாசம், எஃகு சூடானா நீளும். ஒரு டிகிரி ஏறினா அந்த நீளத்துக்கு 14 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். ஆனா அவரு சும்மா தரையில சங்கிலியைப் போடல. மரப் பெட்டிகளைத் தாங்கியில தூக்கி நிறுத்தி, அதுக்குள்ள சங்கிலியை வெச்சு, பக்கத்துல தெர்மாமீட்டர் வெச்சு, மேல கூடாரம் போட்டு, ஒவ்வொரு தரமும் சூட்டை எழுதித் திருத்தம் போட்டிருக்காரு. சரி, அப்பவும் 0.44 நெசமா?

அதுக்கும் அவரே பதில் வெச்சிருக்காரு. பரங்கிமலையிலருந்து முக்கோணம் முக்கோணமா அளந்துக்கிட்டே மேக்கால பெங்களூர் போய், 1804-ல அங்க இன்னொரு அடிக்கோட்டை சங்கிலி போட்டு நேரா அளந்தாங்க. முக்கோணக் கணக்கு சொன்ன நீளமும் சங்கிலி சொன்ன நீளமும் ஏழு மைல் கோட்டுல கிட்டத்தட்ட 4 இஞ்ச்தான் வித்தியாசம். 4 இஞ்ச்னா 0.3 அடி. அந்த வித்தியாசத்துல கோணம் அளந்த பிழையும் கலந்திருக்கு, எல்லாத்தையும் சங்கிலி தலையில கட்ட முடியாது. இருந்தாலும் முதல் டெசிமல் வரைக்கும் ஏதோ உயிர் இருக்குன்னு தோணுது, ரெண்டாவது டெசிமல் மேல கை வெக்க பயமா இருக்கு. எனக்குப் பிடிச்சது அந்த 0.44 இல்ல. கிட்டத்தட்ட இருநூறு மைல் தள்ளிப் போய் தன் இலக்கத்தைத் தானே பரிசோதிச்சாரு பாருங்க, அது.

எவரெஸ்ட் கதையை யாராச்சும் சொல்றதுக்குள்ள நானே சொல்லிடுறேன். சர்வே ஆபீஸ்ல கணக்குப் போட்ட ராதாநாத் சிக்தருக்கு மலையோட உயரம் சரியா 29,000 அடின்னு வந்துச்சாம், அப்படிச் சொன்னா உத்தேசமா ரவுண்ட் பண்ணிட்டான்னு நெனைப்பாங்கன்னு 1856-ல 29,002-ன்னு அறிவிச்சாங்கன்னு ஒரு பேச்சு. உண்மையோ புளுகோ, மூணு சைபரும் நெசமா உக்காந்திருந்தும் உலகம் நம்பாதுன்னு பயந்தாங்கங்கறது அந்தப் பேச்சோட சாரம். 29,000-ன்னு எழுதினா அதுல எத்தனை சைபர் நெசம்னு சொல்ல வழியே இல்லயே. அடுக்குக்குறி போட்டு 2.9000 × 10⁴-ன்னு எழுதினா தெரியும், ஆனா பத்திரிகைக்காரன் அடுக்குக்குறி போடுவானா.

ஆகஸ்ட் 12, இரவு 11.05

இப்போ வாங்க, முதல் நாள் நான் எழுதினதுக்கே வர்றேன். 0.098 தம்பிக்கு நான் ஒரு மன்னிப்பு பாக்கி.

நான் வேலை பாக்குறது கோயம்புத்தூர்ல ஒரு கேலிபரேஷன் லேப்ல, கருவிங்க சரியா காட்டுதான்னு சோதிக்கிற எடம். தராசு, தெர்மாமீட்டர், பிரஷர் கேஜ் இதெல்லாம் வரும். அங்க நாங்க இலக்கம் எண்ணுறதே இல்ல. எவ்வளவு முன்னப் பின்ன இருக்கலாம்னு தனியா கணக்குப் போட்டு பக்கத்துல எழுதுவோம், அதை ரெண்டு இலக்கத்துக்கு ரவுண்ட் பண்ணுவோம், விடையையும் அதே டெசிமல் இடத்துக்கு ரவுண்ட் பண்ணுவோம். இலக்கம் எண்ணுற விதி முரடு. 1.01-ம் மூணு இலக்கம், 9.99-ம் மூணு இலக்கம். ஆனா கடைசி இலக்கத்துல ஒண்ணு மாறினா முதல்ல நூத்துல ஒரு பங்கு போகுது, ரெண்டாவதுல ஆயிரத்துல ஒரு பங்கு. ஒரே தராசுல தங்கத்தையும் தவிட்டையும் நிறுக்குற விதி அது.

இதை வெச்சு இன்னைக்கு டீ டைம்ல உங்க பொண்ணு கணக்கைப் போட்டுப் பாத்தேன். ஸ்கூல்ல இருக்குற பி கிளாஸ் 50 மி.லி. பியூரெட்டுக்கு 0.1 மி.லி. வரைக்கும் முன்னப் பின்ன இருக்க அனுமதி உண்டு. பியூரெட் பிழையை மட்டும் எடுத்துக்குவோம், பிப்பெட்டை விடுங்க, கடைசி சொட்டு தாண்டிப் போனதை விடுங்க. 20.4-ல 0.1-ன்னா அரை சதவீதம். விடையில அது 0.0005. ஆக விடை 0.0980, முன்னப் பின்ன 0.0005. அதாவது 0.0975-லருந்து 0.0985. ஆகஸ்ட் 4 காலையில தம்பிக்கு நான் என்ன சொன்னேன்? "0.098-ன்னா 0.0975-லருந்து 0.0985 வரைக்கும், அதனால போதாது"ன்னேன். அதே எல்லைதான் நெசமாவே இருக்கு! ஆள் உக்காந்திருக்கான் எழுப்பாதேன்னு சண்டை போட்டேனே, அந்த சீட்டுலயும் பாதி துண்டுதான். தம்பி, நீ சொன்ன 0.098 என்னோட 0.0980-க்குக் கொஞ்சமும் கொறைச்சல் இல்ல.

பரீட்சையில 0.0980-ன்னே எழுதச் சொல்லுங்க சார். விதி முரடா இருந்தாலும் திருத்துறவங்க கையில அதுதான் இருக்கு.

ஆகஸ்ட் 13, காலை 6.55

லேப்ல ஒருத்தர் கேட்டதையும் எழுதிடுறேன், சிரிப்பா இருக்கும். மளிகைக் கடைக்காரர், தராசு அஞ்சு கிராமுக்கு ஒரு தரம்தான் நம்பர் மாத்துது, "டிஸ்ப்ளேயை மட்டும் ஒரு கிராம் காட்டுற மாதிரி மாத்திக் குடுங்க, உள்ள எப்படி இருந்தாலும் பரவால்ல, கஸ்டமர் நம்பணும்"னாரு.

ஆகஸ்ட் 21, இரவு 9.30

பொண்ணோட அப்பா நேத்து எழுதியிருந்தாரு. அடுத்த டைட்ரேஷன் முடிஞ்சுதாம். ஒரே மாதிரி ரீடிங் வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப எடுக்கணும், முதல் ரீடிங் மனசுல இருந்தா கண்ணு அங்கயே போய் நிக்கும்னு இவளுக்குத் தோணியிருக்கு (எனக்கு அந்த வயசுல இது தோணல, சீனியர் நோட்டுதான் தோணுச்சு). அதனால மூணாவது தடவை பாக்கும்போது முதல் ரெண்டு ரீடிங் மேலயும் ரப்பரை வெச்சு மறைச்சுக்கிட்டாளாம். 19.85, 19.80, 19.85. அந்தக் கடைசி அஞ்சு எங்கருந்து வந்துச்சுன்னு மிஸ் கேட்டாங்களாம். ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னுச்சு மிஸ்ஸுன்னு சொல்லியிருக்கா.

பழைய அரை மார்க் திரும்ப வரலயாம்.